பார்த்தினானுக்கு முந்தைய கிரேக்கம்: தொல்கலையைப் பார்க்கப் பழகுவோர்க்கு ஒரு வழிகாட்டி

கிரேக்கக் கலை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது ஏதென்ஸ் நகரத்துக் குன்றின்மேல் நிற்கும் பார்த்தினான் கோயில்தான். அதைக் கட்டத் தொடங்கியது கி.மு. 447-இல். அதற்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டுத் தீவுகளில் பளிங்கைச் செதுக்கத் தெரிந்தவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பின் அரண்மனைகள் எழுந்து வீழ்ந்தன. எழுத்தே மறந்துபோன சில நூற்றாண்டுகள் கடந்தன. பிறகு மண்பானையின் மேல் வரையப்பட்ட வட்டங்களிலிருந்து மீண்டும் ஒரு கலை தொடங்கியது. இந்த நெடுங்காலம் முழுவதையும் பார்த்தினானுக்குப் போகும் படிக்கட்டாக மட்டும் காட்டும் நூல்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு காலத்தின் தனிச்சிறப்பும் கையிலிருந்து நழுவிவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் இவற்றை எந்த வரிசையில், எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: ஒரு குறிப்பேடும் மூன்று கேள்விகளும்

ஒரு குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் காலங்களை மேலிருந்து கீழாக எழுதிக்கொள்ளுங்கள். சைக்ளாடிக் தீவுகளின் பண்பாடு, கி.மு. 3200 முதல் 2000 வரை. கிரீட் தீவின் மினோவன் நாகரிகம், அதன் அரண்மனைகள் எழுந்த கி.மு. 1900 முதல் 1450 வரை. பெருநிலத்தின் மைசீனிய நாகரிகம், கி.மு. 1600 முதல் 1100 வரை. அதன்பின் மங்கலான ஓர் இடைக்காலம். கி.மு. 900 முதல் 700 வரை வடிவக் கோலங்களின் காலம். கீழைநாட்டுத் தாக்கம் மிகுந்த ஒரு நூற்றாண்டு. இறுதியாகக் கி.மு. 600 முதல் 480 வரை ஆர்க்கேயிக் எனப்படும் காலம். இவை தோராயமான எல்லைகளே என்பதையும் அருகில் எழுதிவையுங்கள்.

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எதனால் செய்யப்பட்டது? எங்கே கிடைத்தது? கண்முன் இருப்பதில் மூலப்பகுதி எவ்வளவு, பிற்காலத்தார் சேர்த்தது எவ்வளவு? மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை. இந்தத் துறையில் மிகுதியாக ஏமாற்றம் தருவதும், விடை தெரிந்துவிட்டால் மிகுதியாகக் கற்றுத்தருவதும் அதுதான்.

இரண்டாம்படி: மடித்த கைகளிலிருந்து தொடங்குங்கள்

சைக்ளாடிக் பளிங்குப் பாவைகள் தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றவை. முகத்தில் மூக்கு மட்டும் புடைத்திருக்கும். கைகள் வயிற்றின்மேல் மடிந்திருக்கும். பெரும்பாலானவற்றில் இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருப்பதைக் கவனியுங்கள். பாதங்கள் நுனி கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் அவை தாமாக நிற்கமாட்டா. பெரும்பாலானவை ஓர் அடிக்கும் குறைவான உயரமுள்ளவை. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்று மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. நாக்சோஸ், பாரோஸ் தீவுகளின் பளிங்கும், நாக்சோஸில் கிடைத்த குருந்தக்கல்லும் இக்கலைக்கு அடிப்படை. குருந்தக்கல் பொடியால் தேய்த்துத் தேய்த்தே இந்த வழவழப்பைக் கொண்டுவந்தார்கள்.

ஒரு பாவையின் நிழற்படத்தை எடுத்துப் பென்சிலால் அதன் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து பாருங்கள். எளிமை என்று நினைத்த உருவம் தோளிலிருந்து முழங்கால்வரை எவ்வளவு கவனமாக அளக்கப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் கையே சொல்லிவிடும். இந்த வெண்மையையும் மௌனத்தையும் பிக்காசோ, பிரான்குசி, ஹென்றி மூர் போன்ற இருபதாம் நூற்றாண்டுக் கலைஞர்கள் போற்றினார்கள். ஆனால் செய்தவர்கள் இவற்றை வெள்ளையாக விட்டுவைக்கவில்லை. கண்ணும் தலைமுடியும் சிவப்பிலும் நீலத்திலும் தீட்டப்பட்டிருந்ததன் தடயங்கள் பல பாவைகளில் இன்னும் தெரிகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இருபதாம் நூற்றாண்டில் சந்தையில் விலை ஏறியதால் தீவுகளின் கல்லறைகள் சூறையாடப்பட்டன, போலிகளும் பெருகின. அருங்காட்சியகக் குறிப்பில் கிடைத்த இடம் எழுதப்படாத பாவையைக் கண்டால், அதன் அழகை ரசிக்கலாம், ஆனால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

மூன்றாம்படி: நோசஸ் அரண்மனையில் கான்கிரீட்டைக் கண்டுபிடியுங்கள்

கிரீட் தீவின் நோசஸ் அரண்மனையை முதலில் தோண்டிப் பார்த்தவர் உள்ளூர்க்காரரான மினோஸ் கலோகைரினோஸ், ஆண்டு 1878. 1900 மார்ச்சில் பெரிய அளவில் அகழத் தொடங்கியவர் ஆங்கிலேயரான ஆர்தர் எவான்ஸ். கிரேக்கத் தொன்மத்தின் மினோஸ் மன்னரை நினைத்து மினோவன் என்ற பெயரைப் பரவலாக்கியவரும் அவரே. அம்மக்கள் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதை அவர்களது எழுத்திலிருந்து அறிய வழியில்லை. லீனியர் ஏ எனப்படும் அந்த எழுத்து இன்றுவரை வாசிக்கப்படவில்லை.

அரண்மனையின் தரைப்படத்தை எடுத்து, நடுமுற்றத்தை வண்ணம் தீட்டுங்கள். வடக்கு தெற்காக நீண்ட, ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட அந்த முற்றம்தான் கட்டடத்தின் உயிர். அறைகள் அதைச் சுற்றி வளர்ந்திருக்கின்றன. மேற்குப் பகுதியில் ஆளுயரச் சேமிப்புத் தாழிகள் வரிசையாக நின்ற நீண்ட குறுகிய அறைகள். கிழக்கே சரிவில் இறங்கும் மாடிகள். இடையிடையே மேலிருந்து வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே இறக்கும் திறந்த கிணறு போன்ற அமைப்புகள். பைஸ்டோஸ், மாலியா, சாக்ரோஸ் ஆகிய பிற அரண்மனைகளின் படங்களையும் பக்கத்தில் வைத்தால் நான்கிலும் இதே முற்றம் இருப்பது தெரியும். மைசீனியில் பின்னர் நாம் காணப்போகும் பெருமதில் எதுவும் இங்கே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். எல்லா அஞ்சலட்டைகளிலும் இடம்பெறும் அந்தச் சிவப்புத் தூண்கள், மேலே பருத்துக் கீழே சிறுத்தவை, எவான்ஸ் காலத்தில் எழுப்பப்பட்டவை. மூலத் தூண்கள் மரத்தால் ஆனவை. எரிந்தும் மட்கியும் போயின. அவற்றின் வடிவத்துக்குச் சுவரோவியங்களில் சான்று உண்டு என்பதால் எவான்ஸ் இட்டுக்கட்டினார் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பார்வையாளர் தொட்டுப் பார்ப்பது இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டையே. ஓவியங்களும் அப்படித்தான். ‘அல்லி இளவரசர்’ என்று புகழ்பெற்ற உருவம் சில துண்டுகளிலிருந்து கட்டியெழுப்பப்பட்டது. மகுடம் ஒருவருடையது, மார்பு இன்னொருவருடையது என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

ஹெராக்லியோன் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காளை தாண்டும் ஓவியத்தின் முன் நிற்கும்போது, அல்லது அதன் தெளிவான படத்தைக் கணினியில் பெரிதாக்கும்போது, முதலில் காளையைப் பார்க்காதீர்கள். மேற்பரப்பில் சற்றே புடைத்து, விரிசல் விட்டிருக்கும் துண்டுகளைத் தேடுங்கள். அவைதான் பழையவை, இடையில் வழவழப்பாக இருப்பது நிரப்பப்பட்டது. துண்டுகளை மட்டும் ஒரு தாளில் வரைந்துகொண்டபின் முழு ஓவியத்தையும் பாருங்கள். காளையின் உடல் ஒரு வில்லைப்போல நீண்டு, நான்கு கால்களும் தரையை விட்டுப் பறப்பதுபோல விரிய, அதன் முதுகில் தலைகீழாகப் பாயும் செந்நிற உருவமும் முன்னும் பின்னும் நிற்கும் வெண்ணிற உருவங்களும் தெரியும். எகிப்திய வழக்கப்படி வெண்ணிறம் பெண்களைக் குறிக்கும் என்று எவான்ஸ் கொண்டார். எல்லோரும் அதை ஏற்பதில்லை.

கிரீட்டுக்கு நேரில் செல்ல வாய்ப்புள்ளவர்கள் நோசஸைப் பார்த்தபின் பைஸ்டோஸுக்கும் கட்டாயம் போக வேண்டும். அங்கே மறுகட்டுமானம் மிகவும் குறைவு. வெறும் படிக்கட்டும் தளமும் சுவரடியும் எவ்வளவு பேசும் என்பது அங்கேதான் புரியும். 2025-இல் இந்த நான்கு அரண்மனைகளையும் உள்ளிட்ட ஆறு மினோவன் தலங்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

சான்டோரினித் தீவின் அக்ரோத்திரியை இதே படியில் சேர்த்துக்கொள்ளலாம். கி.மு. 1600-ஐ ஒட்டி வெடித்த எரிமலையின் சாம்பல் அவ்வூரை இரண்டு, மூன்று மாடி வீடுகளுடன் மூடிக் காத்தது. ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் 1967-இல் அகழத் தொடங்கினார். சாம்பலுக்குள் மரச்சாமான்கள் மட்கி விட்டுச்சென்ற வெற்றிடங்களில் சுண்ணக்காரை ஊற்றி, கட்டிலின் உருவத்தையே மீட்டிருக்கிறார்கள். அங்கே கிடைத்த வசந்தகால ஓவியம் இன்று ஏதென்ஸில் இருக்கிறது: மூன்று சுவர்களிலும் நீலமும் மஞ்சளும் சிவப்புமான பாறைகள், அவற்றின்மேல் செவ்வல்லிகள், இடைவெளியில் ஒன்றையொன்று நெருங்கும் தகைவிலான் குருவிகள், மனிதர் ஒருவர்கூட இல்லை. இன்னோர் அறையில் நீலக் குரங்குகள் ஏறிப் பாய்கின்றன. அவற்றின் வாலும் உடல்வாகும் இந்தியாவின் சாம்பல் மந்திகளை ஒத்திருக்கின்றன என்று அண்மையில் சில ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் நிலைபெறுமானால், அந்த உருவம் மெசொப்பொத்தேமியா வழியாக எவ்வளவு தொலைவு பயணம் செய்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது.

நான்காம்படி: மைசீனியில் எடையை உணருங்கள்

மைசீனியரின் கட்டடங்களைப் படத்தில் பார்ப்பதைவிட அளவுகளோடு பார்ப்பது நல்லது. சிங்க வாயில், கி.மு. 1250 அளவில் கட்டப்பட்டது. நிலைக்கு மேலிருக்கும் ஒற்றை உத்தரக் கல்லின் எடை ஏறத்தாழ 20 டன். அதன்மேல் மதிற்சுவரின் பாரம் முழுவதும் இறங்கினால் உத்தரம் முறிந்துவிடும். எனவே உத்தரத்துக்கு மேல் ஒரு முக்கோண இடைவெளி விட்டு, பாரத்தை இருபுறமும் தள்ளினார்கள். அந்த இடைவெளியை மூடவே சிங்கங்கள் செதுக்கிய பலகைக்கல்லைப் பொருத்தினார்கள். அழகும் பொறியியலும் ஒரே கல்லில் கூடியிருக்கும் இடம் இது. சிங்கங்களின் தலைகள் தனியே செய்து பொருத்தப்பட்டவை, அவை தொலைந்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே நிற்கும் தூண் கீழே சிறுத்திருப்பதைப் பார்த்தால் கிரீட்டின் நினைவு வரும்.

அருகிலேயே, தொன்மக் கதைகளின் மைசீனி மன்னர் அட்ரியஸின் பெயரால் அட்ரியஸ் கருவூலம் என்று அழைக்கப்படும் கல்லறை இருக்கிறது. அது கருவூலமும் இல்லை, அட்ரியஸுக்கு உரியது என்பதற்குச் சான்றும் இல்லை. பெயர் பிற்காலத்தார் வைத்தது. 36 மீட்டர் நீளமுள்ள நடைவழியில் சென்று உள்ளே நுழைந்தால், 14.5 மீட்டர் விட்டமும் 13 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட தேன்கூடு போன்ற குவிமாடம். அண்ணாந்து பார்த்து, கல் வரிசைகளை எண்ணத் தொடங்குங்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நீண்டிருக்கும். கற்களின் படுகைகள் கிடைமட்டமாகவே இருக்கும். அதாவது இது உண்மையான வளைவு இல்லை. வட்ட வட்டமாக அடுக்கி, முனைகளைப் பின்னர் செதுக்கி மழுக்கி, மேலே ஒரு கல்லால் மூடியிருக்கிறார்கள். வெளியே குவித்த மண்ணின் பாரம் கற்களைப் பிடித்து நிறுத்துகிறது. வாயிலின் உட்புற உத்தரம் ஏறத்தாழ 120 டன் எடையுள்ளது. ரோமானியர் காலம்வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, இதைவிடப் பெரிய குவிமாடம் எழவில்லை.

ஜெர்மானிய அகழ்வாளர் ஹைன்ரிக் ஷ்லீமன் 1876-இல் மைசீனியில் கண்டெடுத்த பொன் முகமூடிகளையும் இங்கே பாருங்கள். டிராய்ப் போரில் கிரேக்கரை நடத்திய தொன்ம மன்னர் அகமெம்னானின் முகமூடி என்று பெயர்பெற்றது கி.மு. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு மூத்தது. பெரிதையே பார்த்துக் களைத்த கண்ணுக்கு, பைலோஸில் 2015-இல் ஒரு வீரரின் கல்லறையில் கிடைத்த முத்திரைக்கல்லைக் காட்டுங்கள். நீளம் 3.6 சென்டிமீட்டர். அதற்குள் ஒருவர் எதிரியின் கழுத்தில் வாளை இறக்குகிறார், இன்னொருவர் காலடியில் கிடக்கிறார், தசைநார்கள்கூடத் தெரிகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே கிரேக்கர்கள் மனித உடலை இப்படிக் காட்டக் கற்றார்கள் என்று சொல்லிவந்தவர்களுக்கு இந்தச் சிறு கல் பதிலாக அமைந்தது.

மைசீனிய அரண்மனையில் மெகரான் என்ற மண்டபத்தின் அமைப்பை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்: இரு தூண் கொண்ட முகப்பு, முன்னறை, நடுவில் வட்ட அடுப்பும் அதைச் சுற்றி நான்கு தூண்களும் கொண்ட கூடம். பிற்காலக் கோயிலின் தரைப்படத்தைப் பார்க்கும்போது இது கைகொடுக்கும்.

ஐந்தாம்படி: பானையைப் படியுங்கள்

கி.மு. 1200-ஐ ஒட்டி அரண்மனைகள் அழிந்தன, எழுத்து மறைந்தது. அந்தக் காலத்தை வெறுமை என்று கடந்துவிடாமல், யூபோயா தீவின் லெஃப்கண்டியில் கி.மு. 950 அளவில் எழுந்த, ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள மண்செங்கல் கட்டடத்தை மட்டுமேனும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப்பின் நம் முக்கியச் சான்று மட்பாண்டங்கள்தாம்.

ஏதென்ஸின் டிபிலோன் கல்லறையில் நின்ற பெருஞ்சாடி கி.மு. 750-ஐ ஒட்டியது, உயரம் 1.55 மீட்டர். ஒரு பெண்ணின் கல்லறை அடையாளம் அது. தலைமுதல் கால்வரை வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் வரிவரியாகச் சுற்றியிருக்கின்றன. கழுத்தில் மேயும் மான்கள். கைப்பிடிகளுக்கு நடுவே இறந்தவர் கட்டிலில் கிடத்தப்பட்டிருக்க, இருபுறமும் தலையில் கைவைத்து அழுவோர். அவர்களின் மார்பு ஒரு முக்கோணம், உயர்த்திய கைகள் இன்னொரு சட்டம். முகபாவம் எதுவும் இல்லை. இருந்தும் அந்தக் கைகளின் வரிசையே ஒப்பாரியாக ஒலிக்கிறது.

பானையின் கறுப்பு எப்படி வந்தது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால், பின்வரும் முந்நூறு ஆண்டுப் பானைகளும் பிடிபடும். அது சாயமில்லை, அதே இரும்புச்சத்துள்ள களிமண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து எடுத்த மிக நுண்ணிய குழம்பு. சூளையில் முதலில் காற்று புகவிட்டுச் சுடும்போது பானை முழுவதும் சிவக்கும். அடுத்துக் காற்றுவழியை அடைத்துப் பச்சை விறகிட்டால், ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில், முழுவதும் கறுக்கும்; நுண்குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல் இறுகி மூடிக்கொள்ளும். மீண்டும் காற்றை விடும்போது பூசாத இடம் சிவப்புக்குத் திரும்பும்; இறுகிய இடத்துக்குள் காற்று புக முடியாமையால் அது கறுப்பாகவே நிற்கும். குயவர் இதைச் சூளையின் நிறத்தையும் புகையையும் பார்த்தே செய்தார் என்பதை மறக்க வேண்டாம்.

இதன் உச்சங்களில் ஒன்று ஏதென்ஸ் குயவரும் ஓவியருமான எக்சீகியாஸ் கி.மு. 540–530 அளவில் செய்த, இப்போது வத்திக்கானில் உள்ள சாடி. டிராய்ப் போரின் கிரேக்க வீரர்களான அக்கிலிசும் ஏஜாக்சும் போருக்கிடையே குனிந்து காய் விளையாடுகிறார்கள். இருவர் வாயருகிலும் அவர்கள் பெற்ற எண்கள் எழுதப்பட்டுள்ளன: அக்கிலிசுக்கு நான்கு, ஏஜாக்சுக்கு மூன்று. அவர்களின் மேலாடைப் பூவேலை, கறுப்புப் பூச்சைக் கூர்முனையால் கீறி எடுத்தது. படத்தைப் பெரிதாக்கி அந்தக் கீறல்களை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள்.

ஆறாம்படி: மரம் கல்லாகும் கதை

கோயிலுக்கு ஒலிம்பியாவின் ஹீரா கோயிலிலிருந்து தொடங்குவதே சிறந்தது. கி.மு. 600-ஐ ஒட்டியது, முகப்பில் 6, பக்கத்தில் 16 தூண்கள். முதலில் தூண்கள் எல்லாம் மரம். பழுதான ஒவ்வொன்றையும் நூற்றாண்டுகளாகக் கல்லால் மாற்றினார்கள். அதனால் தூண்களின் பருமன் ஒத்துப்போவதில்லை. தூணின் தலைப்பகுதியான போதிகைகளின் வளைவு அந்தந்தக் காலத்துப் பாணியில் அமைந்திருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே வந்த பயணி பாசேனியஸ், ஓக் மரத்தூண் ஒன்று அப்போதும் நின்றதைப் பார்த்து எழுதியிருக்கிறார். மேற்சுவர் மண்செங்கல்லால் ஆனது. அது கரைந்து இறங்கிய களிமண்தான், 1877-இல் கிடைத்த ஹெர்மீஸ் சிலையைப் பொதிந்து காத்தது.

இந்தக் கோயிலின் கட்டடப் பாணியான டோரிக் பாணியின் உத்தரத்துக்கு மேலுள்ள மூன்று வரிப் பட்டைகளும் அவற்றின் கீழே தொங்கும் சிறு குமிழ்களும், மரவிட்டத்தின் முனையையும் ஆணியையும் கல்லில் நினைவுகூர்பவை என்பது பழங்காலந்தொட்டுச் சொல்லப்படும் விளக்கம். ஆய்வாளரிடையே மறுப்பும் உண்டு. இத்தாலியின் பாஸ்டம் ஊரின் பழைய ஹீரா கோயில் முகப்பில் 9 தூண்கள் நிற்பதையும், கார்ஃபூவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகட்டு முக்கோணத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில் பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசா ஓடுவதையும் அடுத்துப் பாருங்கள். உத்தரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் சிற்பப்பட்டை கொண்ட, அயோனிக் எனப்படும் இன்னொரு பாணிக்கு டெல்பியின் சிஃப்னியர் கருவூலம் போதும்.

ஏழாம்படி: நான்கு இளைஞர்கள்

சிற்பத்துக்கு கூரோஸ் எனப்படும் நிற்கும் இளைஞர் உருவங்கள் நான்கை வரிசையாக வைத்துக்கொண்டால் போதும். முதலாவது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது, கி.மு. 590–580. இடக்கால் முன்னே, கைமுட்டிகள் தொடையருகே; நிற்கும் முறை எகிப்தியரிடம் கற்றது. ஆனால் முதுகைத் தாங்கும் கற்பலகை இல்லை, கைக்கும் இடுப்புக்கும் நடுவே கல் நீக்கப்பட்டிருக்கிறது, ஆடையும் இல்லை. முழங்கால் ஒரு கோலம்போலக் கீறப்பட்டிருக்கிறது. இரண்டாவது அனவிசோஸில் கிடைத்தது, கி.மு. 530. போரின் முன்வரிசையில் விழுந்த குரோய்சோஸின் கல்லறை அருகே நின்று இரங்குமாறு வழிப்போக்கரை வேண்டும் வரிகள் அதன் பீடமாகக் கருதப்படும் கல்லில் உள்ளன. தசை இப்போது உள்ளிருந்து புடைக்கிறது, உதட்டில் மென்முறுவல். மூன்றாவது, அரிஸ்டோடிகோஸ், கி.மு. 500 அளவில், நீண்ட கூந்தல் குறைந்து கைகள் மடங்கத் தொடங்குகின்றன. இந்த இரண்டும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நான்காவதைப் பார்க்க அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கி.மு. 480-இல் பாரசீகர் ஏதென்ஸை எரித்தபோது உடைந்த சிலைகளைக் குன்றின் மேலேயே புதைத்தார்கள். வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கும் கோரே எனப்படும் பெண்ணுருவங்கள் நமக்குக் கிடைத்தது அதனால்தான். அவற்றை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்து, கிரிட்டியோஸ் சிறுவன் என்று பெயரிட்ட சிலையின் முன் நில்லுங்கள். முகத்தை விட்டுவிட்டு இடுப்பைப் பாருங்கள். உடலின் பாரம் இடக்காலில் இறங்கியிருக்கிறது. வலக்கால் தளர்ந்து, வலப்பக்க இடுப்பு சிறிதளவு தாழ்ந்திருக்கிறது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கவனித்து, உங்கள் குறிப்பேட்டில் அந்த நான்கு இடுப்புகளையும் ஒரே பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள்.